கழுத்தெலும்பு குறிக்கும் நாள்: பல் சீரமைப்பில் ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

கீழ்த்தாடை பின்தங்கி மேல் முன்பற்கள் எத்தி நிற்கும் குழந்தைக்குச் சிகிச்சையை எப்போது தொடங்குவது? இந்தக் கேள்விக்குப் பல் சீரமைப்புத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. பூப்புப் பருவத்தில் கீழ்த்தாடை மிக வேகமாக வளரும் குறுகிய காலம் ஒன்று வரும். பிறந்த தேதி அதைக் காட்டாது, எலும்பின் முதிர்ச்சியே காட்டும். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே ஒன்றில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்தால் அந்தக் காலம் வரவிருக்கிறதா, வந்துவிட்டதா, கடந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். அந்த உச்சத்தில் கருவியைப் பொருத்தினால் தாடை நீளும், முன்பே பொருத்தினால் உழைப்பு வீண், தவறவிட்டால் பின்னாளில் அறுவைதான் வழி. இதுவே அந்த விடை.

பாடநூல்களிலும் மேற்படிப்பு ஆய்வேடுகளிலும் இது ஏறத்தாழ விதியாகவே நிலைபெற்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் இதனுள் மூன்று தனிக் கூற்றுகள் இருக்கின்றன. ஒற்றைப் படத்திலிருந்து தாடை வளர்ச்சியின் உச்சத்தைப் படித்துவிட முடியும் என்பது முதலாவது. அப்படிப் படிப்பது வயதையும் உயரத்தையும் பார்ப்பதைவிட மேலானது என்பது இரண்டாவது. உச்சத்தில் தொடங்கும் சிகிச்சை குழந்தைக்குப் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பலனைத் தரும் என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து நின்றால்தான் விதி நிற்கும். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றுமே தள்ளாடுகின்றன.

மணிக்கட்டிலிருந்து கழுத்துக்கு

எலும்பின் வயதை அளக்கும் முயற்சி பல் மருத்துவத்தில் தொடங்கியதல்ல. குழந்தை மருத்துவத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளை அறிவதற்காகக் கை, மணிக்கட்டு எக்ஸ்ரேக்கள் பயன்பட்டன. கிரூலிக்கும் பைலும் 1950-இல் வெளியிட்ட கை எலும்புப் படத்தொகுப்பும், டேனரும் வைட்ஹவுஸும் உருவாக்கிய மதிப்பெண் முறையும் இன்றும் அந்தத் துறையில் பயன்படுகின்றன. பல் சீரமைப்பாளர்கள் இவற்றைக் கடன் வாங்கினார்கள். 1967-இல் பியோர்க்கும் ஹெல்மும் கட்டைவிரல் அடியில் தோன்றும் சிறு எலும்பை உயர வளர்ச்சியின் உச்சத்தோடு இணைத்துக் காட்டினர். ஹேக்கும் டாராங்கரும் நடுவிரலின் நடுக்கணுவைப் பல நிலைகளாகப் பிரித்தனர். 1982-இல் ஃபிஷ்மன் 11 படிகள் கொண்ட அட்டவணையைத் தந்தார்.

இவற்றில் பெரும்பாலானவை எதை அளவுகோலாகக் கொண்டன என்பது கவனத்துக்குரியது. கை எலும்பு ஒப்பிடப்பட்டது முதன்மையாக உடல் உயரத்தோடு. தாடையின் வளர்ச்சியும் உயரத்தின் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேகமெடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. முகத்தின் உச்சம் உயரத்தின் உச்சத்துக்குச் சில மாதங்கள் பின்தங்கியும் வரும். கீழ்த்தாடையில் தனித்துத் தெரியும் வேகப் பாய்ச்சல் எல்லாக் குழந்தைகளிடமும் தெளிவாக இருப்பதுமில்லை. கை எலும்பின் மூலம் உச்சம் வரும் காலத்தை முன்கூட்டிச் சொல்வதன் மருத்துவப் பயன் சொற்பம் என்று ஹூஸ்டன் 1980 வாக்கிலேயே எச்சரித்தார். பூப்புப் பாய்ச்சலைக் கணிப்பதற்காகக் கை எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டிஷ் பல் சீரமைப்புச் சங்கத்தின் எக்ஸ்ரே வழிகாட்டிகள் சொல்கின்றன.

கை எக்ஸ்ரேமீது ஐயம் எழுந்த அதே காலத்தில் கழுத்து முன்னுக்கு வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1972-இல் லாம்பார்ஸ்கி எழுதிய ஆய்வேடு கழுத்தெலும்புகளின் வடிவ மாற்றத்தை வகைப்படுத்தியது. 1995-இல் ஹாசலும் ஃபார்மனும் அதை ஆறு நிலைகளாக மாற்றி அமைத்தனர். பச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா மூவரும் 2002-இலும் 2005-இலும் வெளியிட்ட வடிவமே இன்று சி.வி.எம். முறை என்ற பெயரில் உலகெங்கும் புழங்குகிறது. இரண்டாம், மூன்றாம், நான்காம் கழுத்தெலும்புகளை மட்டும் பார்த்தால் போதும். கீழ்விளிம்பு தட்டையா குழிவா, எலும்பின் உடல் சரிவகமா, கிடைச் செவ்வகமா, சதுரமா, நெட்டுச் செவ்வகமா என்று கேட்டு ஒன்றிலிருந்து ஆறு வரை நிலை குறிக்கலாம். இரண்டாம், மூன்றாம் எலும்புகளில் குழிவு தெரிந்தால் மூன்றாம் நிலை, நான்காவதிலும் தெரிந்தால் நான்காம் நிலை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான் கீழ்த்தாடையின் உச்சம். சிகிச்சைக்கென எப்படியும் எடுக்கும் தலை எக்ஸ்ரேயிலேயே இதைப் பார்த்துவிடலாம் என்பது முறையின் பெரிய கவர்ச்சி.

முப்பது பேரில் எழுந்த கட்டடம்

2002-ஆம் ஆண்டு வடிவம் சிகிச்சை பெறாத 30 பேரின் படங்களில் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பள்ளி வளர்ச்சி ஆய்வில் சேமிக்கப்பட்ட படங்கள் அவை. ஒவ்வொருவருக்கும் அடுத்தடுத்த ஆறு படங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. கீழ்த்தாடை மிக அதிகமாக நீண்ட இடைவெளியின் இரு முனைப் படங்கள் நடுவில், அவற்றுக்கு முன் இரண்டு, பின் இரண்டு.

ஒவ்வொரு குழந்தைக்கும் உச்சம் எது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அதை நடுவில் வைத்துப் படங்கள் வரிசையாக்கப்பட்டன. பிறகு அந்த ஆறு இடங்களிலும் கழுத்தெலும்பு சராசரியாக எப்படி இருந்தது என்று பார்த்து ஐந்து நிலைகள் வரையறுக்கப்பட்டன, 2005 வடிவத்தில் அவை ஆறாயின. ஆகவே மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் உச்சம் வருகிறது என்பதை அந்த 30 பேரைக் கொண்டே மெய்ப்பிக்க முடியாது. வரையறையிலேயே அது புதைந்திருக்கிறது. தாடையிலிருந்து கழுத்துக்குப் போன பாதை அது. மருத்துவருக்கு வேண்டியதோ கழுத்திலிருந்து தாடைக்குத் திரும்பும் பாதை. முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் ஒற்றைப் படம் மேசையில் இருக்கும்போது, அதில் தெரியும் குழிவு அந்தக் குழந்தையின் தாடைக்கு என்ன பொருள் தருகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை வேறு குழந்தைகளிடம் சோதித்துத்தான் கிடைக்கும்.

உச்சத்தின் உயரமும் ஐயத்துக்குரியது. ஒவ்வொரு குழந்தையிலும் ஆண்டு வளர்ச்சிகளில் மிகப் பெரியதை மட்டும் தேர்ந்தெடுத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி பெரிதாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் தாடையின் நீளத்தை அளக்கும்போது தாடை மூட்டின் முனையைச் சரியாகக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கான பிழை எளிதில் நேரும். அந்தப் பிழை எந்த ஆண்டில் கூட்டும் பக்கமாக விழுந்ததோ அந்த ஆண்டே உச்சமாகத் தேர்வாகும் வாய்ப்பும் கூடும். உண்மையான பாய்ச்சலோடு அளவுப் பிழையின் ஒரு பங்கும் உச்சத்தில் சேர்ந்துகொள்கிறது.

நிலைக்கு நிலை ஏறத்தாழ ஓராண்டு என்ற கணக்கும் இதே அமைப்பின் விளைவு. ஆண்டுக்கு ஒரு படம் என்று அடுக்கினால் படிகளுக்கிடையே ஓராண்டு இருப்பதில் வியப்பில்லை. கனடாவின் பர்லிங்டன் வளர்ச்சி ஆய்வைச் சேர்ந்த 90 சிறுவர்களின் படங்களை ஆராய்ந்து பாலும் உடனாய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட முடிவில், நான்காம் நிலை மட்டும் சராசரியாக 3.79 ஆண்டுகள் நீடித்தது. கிட்டத்தட்ட நான்கு ஆண்டு நீளும் ஒரு நிலையை வைத்துக்கொண்டு ‘உச்சம் இப்போதுதான் முடிந்தது’ என்றோ ‘முடிந்து நெடுநாளாயிற்று’ என்றோ எப்படிச் சொல்வது? அந்த நிலையின் தொடக்கத்தில் இருக்கும் சிறுவனும் முடிவில் இருக்கும் சிறுவனும் படத்தில் ஒரே எண்ணைப் பெறுவார்கள். முன்னவனுக்கு வளர்ச்சி இன்னும் மிச்சம், பின்னவனுக்கு அநேகமாக இல்லை.

படிப்பவரைப் பொறுத்து மாறும் நிலை

அளவுகோல் எதுவானாலும் இருவர் அளந்தால் ஒரே விடை வரவேண்டும், ஒருவரே இரண்டு முறை அளந்தாலும் அப்படியே. 2009-இல் கேப்ரியலும் உடனாய்வாளர்களும் இதைச் சோதித்தனர். பயிற்சி தரப்பட்ட 10 பல் சீரமைப்பு மருத்துவர்கள் ஒரே படங்களைப் பார்த்து நிலை குறித்தார்கள். மருத்துவர்களுக்கிடையே உடன்பாடு 50 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. சில வாரங்கள் கழித்து அதே படங்களை அவர்களிடமே மீண்டும் தந்தபோது, தம் முந்தைய விடையோடு அவர்கள் ஒத்துப்போனது 62 விழுக்காடுதான். 2011-இல் நெஸ்ட்மனும் உடனாய்வாளர்களும் தவறு எங்கே நேர்கிறது என்று தேடினார்கள். விளிம்பின் குழிவைக் காண்பதில் சிக்கல் குறைவு. மூன்றாம், நான்காம் எலும்புகளின் உடல் சரிவகமா செவ்வகமா சதுரமா என்று தீர்மானிப்பதில்தான் கண்கள் பிரிந்தன.

இதற்கு ஆதரவாளர்கள் தரும் பதில் உண்டு. முறையாகப் பயிற்றுவித்தால் உடன்பாடு உயரும் என்கிறார்கள். பெரினெட்டி குழுவினரின் சோதனைகளில் அது உயர்ந்தும் இருக்கிறது. 2018-இல் மெக்நமாராவும் ஃபிராங்கியும் பயன்படுத்துவோருக்கான விரிவான கையேட்டையும் எழுதினார்கள். இந்தப் பதிலை ஏற்கலாம், ஆனால் அது பாதிக் கேள்விக்கே பதில். எல்லோரும் ஒரே மாதிரி படிப்பது ஒன்று, படித்தது உண்மையாக இருப்பது வேறொன்று. மேலும், உடன்பாட்டை அளக்கப் பயன்படும் புள்ளியியல் குறியீடுகளில் சில ஒரு நிலை தள்ளிப்போன தவறைச் சிறு தவறாகக் கணக்கிடுகின்றன. ஆனால் சிகிச்சையின் முடிவு தொங்குவதே அந்த ஒரு நிலையில்தான். இரண்டா மூன்றா என்பதில்தான் ‘காத்திருங்கள்’, ‘உடனே தொடங்குங்கள்’ என்ற தீர்ப்புகள் பிரிகின்றன. ஒன்றையும் ஆறையும் குழப்பாமல் இருப்பது எவருக்கும் எளிது. அதனால் கிடைக்கும் உயர்ந்த மதிப்பெண் நோயாளிக்கு உதவுவதில்லை.

உடன்தொடர்பு என்னும் மயக்கம்

சி.வி.எம். முறையை நிறுவ வந்த கட்டுரைகளில் பெரும் பகுதி ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஏழெட்டு வயதிலிருந்து பதினேழு பதினெட்டு வயது வரையுள்ளவர்களின் கழுத்துப் படத்தையும் கைப் படத்தையும் எடுத்து இரண்டுக்கும் உள்ள உடன்தொடர்பைக் கணக்கிடுகிறார்கள். எண் 0.8, 0.9 என்று உயர்ந்து வருகிறது. கழுத்து கையைப் போலவே நம்பத்தக்கது என்று முடிவு எழுதப்படுகிறது. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் மேற்படிப்பு ஆய்வேடுகளிலும் இந்த வார்ப்பு பழகிப்போனது.

இந்த எண்ணில் பெரும்பங்கு வயது விரிவின் செய்கை. ஏழு வயதுக் குழந்தையையும் பதினேழு வயது இளைஞனையும் ஒரே கூட்டத்தில் வைத்தால் வளரும் எதுவும் வளரும் வேறெதோடும் ஒத்துப்போகும். அவர்களுடைய செருப்பின் அளவுகூடக் கழுத்தெலும்போடு உயர்ந்த உடன்தொடர்பு காட்டும். அதற்காகச் செருப்பைப் பார்த்துத் தாடைக்கு நாள் குறிக்க யாரும் முன்வருவதில்லை. மருத்துவருக்கு வேண்டியது ஏழையும் பதினேழையும் பிரித்தறிவதல்ல. பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் பத்துப் பேரில் உச்சத்தை நெருங்கியவர் யார், தாண்டியவர் யார் என்று பிரித்தறிவதே. ஒரே வயதினருக்குள் அந்த உடன்தொடர்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கேட்காத கட்டுரைகள் எத்தனை சேர்ந்தாலும் சான்று கனப்பதில்லை. சி.வி.எம். ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் சான்டியாகோ குழுவினர் வெளியிட்ட முறைசார் மீளாய்வும் அவற்றின் ஆய்வு முறையில் குறைகள் மலிந்திருப்பதைச் சுட்டியது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கை உயரத்தோடு ஒப்பிடப்பட்டது, கழுத்து கையோடு ஒப்பிடப்பட்டது. தாடை இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்கிறது. கழுத்தைக் கொண்டு கையைக் கணித்துவிட்டதாலேயே தாடையைக் கணித்ததாக ஆகாது.

வயதைவிட மேலானதா?

எலும்பு நிலைக்கு ஆதரவான வாதம் எப்போதும் பிறந்த தேதியைக் குறைகூறித் தொடங்கும். ஒரே வயதில் ஒருத்தி வயதுக்கு வந்திருப்பாள், இன்னொருத்தி குழந்தையாகவே இருப்பாள் என்பது உண்மை. உயர வளர்ச்சியின் உச்சம் சிறுமியருக்குச் சராசரியாக 12 வயதையும் சிறுவருக்கு 14 வயதையும் ஒட்டி வருகிறது. இரு பக்கமும் ஓராண்டுக்கு மேல் விலகல் இயல்பு. ஆனால் வயது பிழைபடும் என்று காட்டுவது, கழுத்தெலும்பு அதைவிடக் குறைவாகப் பிழைபடும் என்று காட்டுவதாகாது. இரண்டையும் ஒரே குழந்தைகளிடம், தாடையின் உண்மையான வளர்ச்சிக்கு எதிரே நிறுத்தி ஒப்பிட வேண்டும்.

மெல்லியன், பெஹ்ரண்ட்ஸ், ஜான்ஸ்டன் மூவரும் 2013-இல் அதைச் செய்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள போல்டன்-பிரஷ் வளர்ச்சி ஆய்விலிருந்து 50 சிறுமியர், 50 சிறுவர் என 100 பேரைத் தேர்ந்து, அவர்கள் ஆண்டுதோறும் எடுத்த படங்களையும் உயர அளவுகளையும் பயன்படுத்தினார்கள். முகத்தின் பாய்ச்சலைக் கணிப்பதில் கை எலும்பு சற்றே முந்தியது. வெறும் வயது அதற்கு ஏறத்தாழ இணையாக வந்தது. கடைசியில் நின்றது கழுத்தெலும்பு. எதைக் குறைகூறி அந்த முறை எழுந்ததோ அந்த வயதே அதைவிட நன்றாகக் கணித்தது.

இந்த ஆய்வுகளின் குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரூலிக்-பைல் தொகுப்பு 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் கிளீவ்லாந்தில் வாழ்ந்த வசதியான வெள்ளையினக் குடும்பங்களின் குழந்தைகளைக் கொண்டது. மிச்சிகன் படங்களும் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளுடையவை. நோயில்லாத குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் தலை எக்ஸ்ரே எடுக்கும் ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆகவே மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளரும் குழந்தைகளுக்கென அப்படி ஒரு தொகுப்பை இனி உருவாக்கவும் வழியில்லை. 30 அமெரிக்கக் குழந்தைகளின் சராசரியை அங்கிருந்து தூக்கிவந்து இங்குள்ள குழந்தையின் தலையில் பொருத்துவதற்குக் கூடுதல் தன்னடக்கம் வேண்டும்.

உச்சத்தில் தொடங்கினால் தாடை நீளுமா?

உச்சத்தைப் பிழையின்றிக் கண்டுபிடித்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் மூன்றாம் கூற்று தனியாக நிரூபிக்கப்பட வேண்டும். டுவின் பிளாக், பயோனேட்டர் போன்ற கருவிகள் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தி வைத்திருக்கும். இதைப் பூப்புப் பருவத்தில் செய்தால் எலும்பு கூடுதலாக வளர்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. பச்செட்டி குழுவினர் 2000-இல் வெளியிட்ட டுவின் பிளாக் ஆய்வு அவற்றில் புகழ்பெற்றது. கோட்சா குழுவினரின் 2006 மீளாய்வும் பெரினெட்டி குழுவினரின் பிந்தைய மீளாய்வுகளும் இதே பக்கம் சாய்கின்றன. ஆனால் அவை நம்பியிருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பின்னோக்கிப் பார்ப்பவை. சிகிச்சை முடித்தவர்களின் கோப்புகளைப் பழைய காலத்துச் சிகிச்சையற்ற குழந்தைகளின் படங்களோடு ஒப்பிடுபவை. கருவியைப் பாதியில் கைவிட்டவர்கள் அந்தக் கோப்புகளில் இடம்பெறாமல் போகும் வாய்ப்பு அதிகம். நன்றாக முடிந்தவர்கள் மட்டும் எஞ்சினால் கருவி நன்றாக வேலை செய்ததாகத்தான் தோன்றும்.

சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. வட கரோலைனாவில் டல்லக், புராஃபிட், ஃபிலிப்ஸ் நடத்தியதும், ஃபுளோரிடாவில் நடந்ததும், பிரிட்டனில் ஓ’பிரையன் குழுவினர் பல மருத்துவமனைகளில் நடத்தியதும் பெரியவை. சிறுவயதில் ஒரு கட்டம், பதின்வயதில் இன்னொரு கட்டம் என இரண்டு கட்டமாகச் சிகிச்சை பெற்றவர்களையும், பதின்வயதில் ஒரே கட்டமாகப் பெற்றவர்களையும் அவை ஒப்பிட்டன. முதல் கட்டம் முடிந்தவுடன் சிறு வேறுபாடு தெரிந்தது. எல்லோரும் சிகிச்சையை முடித்தபோது தாடையின் நிலையில் அந்த வேறுபாடு எஞ்சவில்லை. வட கரோலைனா ஆய்வில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகப் பலன் பெற்றது ஏன் என்றும் தேடினார்கள். தொடங்கும்போதிருந்த எலும்பு முதிர்ச்சியால் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

‘இந்த ஆய்வுகள் எங்கள் கட்சியைத்தான் வலுப்படுத்துகின்றன, பூப்புக்கு முன் தொடங்குவது வீண் என்றுதானே காட்டுகின்றன’ என்று ஆதரவாளர்கள் வாதிடலாம். பாதி சரி. எட்டு வயதில் தொடங்குவதால் தாடைக்குச் சிறப்புப் பலன் இல்லை என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் பதின்வயதில் தொடங்கிய குழந்தைகள் கழுத்தெலும்பைப் பார்த்து நாள் குறிக்கப்பட்டவர்கள் அல்லர். வழக்கமான வயதில், நிலைப்பற்கள் முளைத்துவரும் காலத்தில் தொடங்கியவர்கள். பதின்வயதில் தொடங்குவது போதும் என்பதே ஆய்வு சொல்வது. பதின்வயதுக்குள் குறிப்பிட்ட ஓர் ஆண்டைக் குறிபார்க்க வேண்டும் என்பது ஆய்விலிருந்து வராத கூடுதல் சுமை. எலும்பு நிலையைப் பார்த்துத் தொடங்கிய குழுவையும், வயதும் பல்லும் பார்த்துத் தொடங்கிய குழுவையும் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட ஆய்வு எதன்மீதும் இந்த நம்பிக்கை கட்டப்படவில்லை.

பலனின் அளவையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எத்துப்பல் உள்வாங்குவதில் பெரும்பங்கு பற்கள் நகர்வதால் வருகிறது. எலும்பின் பங்கு சராசரியில் ஓரிரு மில்லிமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எண்: பிரிட்டனில் பதின்வயதினரிடம் நடந்த, 2003-இல் வெளியான ஆய்வில், கழற்றி மாட்டும் டுவின் பிளாக்கைத் தொடங்கியவர்களில் 33.6 விழுக்காட்டினர் அந்தக் கட்டத்தை முடிக்கவில்லை. பற்களில் ஒட்டிவைக்கும் ஹெர்ப்ஸ்ட் கருவியில் அது 12.9 விழுக்காடு. மூன்றில் ஒருவர் கருவியையே கைவிடும் இடத்தில், தொடங்கும் மாதத்தைக் கழுத்தெலும்பிலிருந்து கணக்கிடுவது முன்னுரிமையைத் தலைகீழாக்குவதாகும்.

பருவம் உண்மையில் கணக்கில் வரும் இடங்கள்

காலம் பொருட்டே அல்ல என்று சொல்வது இந்த மறுப்பின் நோக்கமன்று. காலம் முக்கியமாகும் இடங்கள் உண்டு. அவற்றில் கழுத்தெலும்பு தீர்ப்பாளராக இல்லை என்பதே செய்தி.

எத்துப்பல் உள்ள குழந்தை விழுந்தால் முன்பல் உடையும். எத்துப்பல் சிகிச்சை பற்றிய காக்ரேன் மீளாய்வை 2013-இல் திருவேங்கடாச்சாரி முதன்மை ஆசிரியராக வெளியிட்டார், 2018-இல் அது புதுப்பிக்கப்பட்டது. முன்கூட்டித் தொடங்குவதன் உறுதியான ஒரே நன்மை முன்பற்களின் காயம் குறைவது என்று அது முடிவுகட்டியது. 2013 கணக்கின்படி சுமார் 10 பேருக்கு முன்கூட்டிச் சிகிச்சை தந்தால் ஒருவருக்குப் புதுக் காயம் தவிர்க்கப்படும். பிரிட்டன் ஆய்வில் சிறுவயதிலேயே டுவின் பிளாக் அணிந்த குழந்தைகளின் தன்மதிப்பும் உயர்ந்தது. ஓடியாடி அடிக்கடி விழும் எட்டு வயதுச் சிறுவனுக்கும், பள்ளியில் கேலிக்கு ஆளாகிக் குன்றிப்போகும் சிறுமிக்கும் முன்கூட்டித் தொடங்கக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் முழங்காலிலும் மனத்திலும் இருக்கிறது, கழுத்தில் இல்லை. ‘இன்னும் மூன்றாம் நிலை வரவில்லை’ என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது சான்றுக்கு எதிரானது.

மேல்தாடை பின்தங்கிக் கீழ்ப்பற்கள் முன்னால் கடிக்கும் குழந்தைக்கு முகமூடி போன்ற ஃபேஸ் மாஸ்க் கருவி பயன்படுகிறது. மேன்டல் குழுவினர் பிரிட்டனில் 10 வயதுக்குட்பட்ட 73 குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். 2016-இல் வெளியான ஆறாண்டு முடிவில், கருவி அணிந்தவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 66 விழுக்காட்டினருக்கும் அறுவை தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது. இங்கே காலம் மெய்யாகவே முக்கியம். குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அளவுகோலோ எளிய வயது வரம்பு.

அண்ணத்தை விரிக்கும் சிகிச்சையில் கேள்வி அண்ணத்தின் நடுத்தையல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது. அங்கெலிரி குழுவினர் 2013-இல் காட்டியதுபோல அதை முப்பரிமாண ஸ்கேனில் நேரடியாகப் பார்த்து வகைப்படுத்தும் வழி உண்டு. ஐயமுள்ள வளர்ந்த நோயாளியிடம் அந்தத் தையலையே பார்ப்பது பொருத்தம், கழுத்தைச் சுற்றிக்கொண்டு வருவது அல்ல.

எலும்பு முதிர்ச்சி மிகக் கூர்மையாகத் தேவைப்படுவது வளர்ச்சியின் முடிவில். கீழ்த்தாடை துருத்திய இளைஞருக்கு அறுவை செய்யும் முன் வளர்ச்சி நின்றுவிட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும், இல்லையேல் செய்த வேலை கெடும். அந்த வகையினருக்குக் கீழ்த்தாடை வளர்ச்சி நெடுநாள் நீளக்கூடும். கழுத்தெலும்பு ஆறாம் நிலையை எட்டிவிட்டது என்பது தாடை நின்றுவிட்டதற்குச் சான்றாகாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு தலை எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மாற்றமில்லை என்று காண்பதே அறுவை மருத்துவர்கள் நம்பும் முறை. கழுத்தெலும்பின் சொல் மிகத் தேவைப்பட்டிருக்க வேண்டிய இந்த இடத்திலேயே அதைக் கேட்டு யாரும் கத்தி எடுப்பதில்லை.

‘பார்ப்பதில் என்ன நட்டம்?’

எப்படியும் எடுக்கும் படம்தானே, பார்த்துவைப்பதில் என்ன நட்டம் என்ற கேள்வி எஞ்சுகிறது. பார்ப்பதில் நட்டமில்லை, பார்த்ததை நம்பி முடிவெடுப்பதில் உண்டு. காத்திருக்கத் தேவையில்லாத குழந்தை காத்திருக்கிறது. ‘பருவம் தப்பிவிட்டது’ என்று கேட்ட பெற்றோர், இன்னும் வளர்ச்சி மிச்சமுள்ள மகனுக்கு அறுவைதான் கதி என்று கலங்குகிறார்கள். நிலை மாறிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் ஒரு படம் எடுக்கப்படுகிறது. ஒரு தலை எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகச் சிறியது, அதைச் சொல்லி யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆனால் கதிர்வீச்சுப் பாதுகாப்பின் முதல் நெறியே எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தகுந்த நியாயம் வேண்டும் என்பது. சிகிச்சையை மாற்றாத ஒரு தகவலுக்காகப் படம் எடுப்பதும், கழுத்து தெரியவேண்டும் என்பதற்காகக் கதிர்படும் பரப்பைக் குழந்தையின் தைராய்டுப் பகுதியை நோக்கி நீட்டுவதும் அந்த நெறியில் தேறாது.

அண்மையில் செயற்கை நுண்ணறிவு இந்தக் களத்துக்குள் வந்திருக்கிறது. கழுத்தெலும்பின் நிலையைக் கணினி உயர்ந்த துல்லியத்தோடு சொல்லிவிடுவதாகக் கட்டுரைகள் குவிகின்றன. துல்லியம் எதற்கு எதிரே அளக்கப்பட்டது? பெரும்பாலும் வல்லுநர் குறித்த நிலைக்கு எதிரே. மனிதக் கண் குறித்ததைக் கணினி பிழையின்றி நகலெடுத்தால், மனிதருக்கிடையிலான தடுமாற்றம் மறையும். கழுத்துக்கும் தாடைக்கும் இடையிலான இடைவெளி அப்படியே இருக்கும்.

எது வழிகாட்ட வேண்டும்

வழிகாட்டக்கூடியவை மருத்துவரின் அறையிலேயே இருக்கின்றன. வயது, ஆணா பெண்ணா என்பது, பற்கள் முளைத்திருக்கும் நிலை ஆகிய மூன்றும் கேட்காமலே தெரிபவை. சுவரில் ஓர் அளவுகோலை மாட்டி ஒவ்வொரு வருகையிலும் உயரத்தைக் குறித்துவந்தால், ஓராண்டுக்குள் வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்தக் குழந்தையின் சொந்தக் கணக்காகவே கிடைத்துவிடும். வேறு ஊர்க் குழந்தைகளின் சராசரி அதற்குத் தேவையில்லை. சிறுமி வயதுக்கு வந்துவிட்டாளா என்று தாயிடம் கேட்கலாம். உயரத்தின் உச்சம் கடந்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகே பெரும்பாலும் பூப்பு வருகிறது. சிறுவனுக்குக் குரல் உடைந்திருக்கிறதா என்பதைக் காதே சொல்லும். இவற்றோடு குழந்தை கருவியை அணிய மனம் ஒப்புகிறதா, பள்ளித் தேர்வுகளுக்கும் சிகிச்சைக்கும் இடையில் குடும்பத்தால் ஈடுகொடுக்க முடியுமா என்பதும் சேர வேண்டும். டுவின் பிளாக் கட்டத்துக்கு ஏறத்தாழ ஓராண்டும், அதன்பின் நிலைக் கம்பிக்கு ஒன்றரை இரண்டு ஆண்டுகளும் ஆகும். நிலைப்பற்கள் முளைத்து முடியும் தறுவாயில் தொடங்கும் சிகிச்சை பூப்புப் பருவத்தின் பெரும் பகுதியைத் தானாகவே உள்ளடக்கிவிடும்.

கழுத்தெலும்பின் நிலையைக் கோப்பில் ஒரு குறிப்பாக எழுதிவைப்பதில் தவறில்லை. உயரமும் வயதும் பல்லும் ஒன்று சொல்ல, கழுத்து வேறொன்று சொன்னால் முன்னவற்றையே நம்ப வேண்டும். அந்த நிலைக்காக மட்டும் ஒரு படமும் எடுக்கக்கூடாது. அதைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையின் சிகிச்சையையும் தள்ளிப்போடவோ, காலம் கடந்துவிட்டதென்று மறுக்கவோ கூடாது. எலும்பு நிலையைப் பார்த்துத் தொடங்குவது மேலான முடிவைத் தருகிறது என்று சீட்டுக் குலுக்கிய ஆய்வு ஒன்று காட்டும்வரை, சி.வி.எம். முறைக்குச் சிகிச்சையின் நாளைக் குறிக்கும் உரிமை இல்லை.